பிரைட்னர் கலந்த போட்டோ பேப்பருக்கு ப்ரொஃபைல் போடுவது எப்படி: முதலில் வெளிச்சம், அப்புறம் அளவு

போன வருடம் ஒரு வீட்டு வரவேற்பறைக்காக 12 கறுப்பு வெள்ளைப் படங்கள் அச்சிட்டுக் கொடுத்தேன். என் அறையில் ஜன்னலோர மேசையில் வைத்துப் பார்த்தபோது சாம்பல் நிறம் சுத்தமாக இருந்தது. அவர்கள் வீட்டில் மாட்டி எல்இடி விளக்கைப் போட்டதும் தாத்தாவின் நரைமுடி நீலம் அடித்தது. பிரிண்டரைச் சந்தேகப்பட்டேன். இங்க்கைச் சந்தேகப்பட்டேன். ப்ரொஃபைலை, அதாவது இந்தப் பிரிண்டரும் தாளும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பை, மூன்று தடவை புதிதாகப் போட்டேன், மூன்றிலும் அதே நீலம்.

கோளாறு தாளுக்குள் இருந்தது. அந்தத் தாளில் பிரைட்னர், அதாவது தாளை இன்னும் வெள்ளையாகக் காட்டும் பொருள், நிறையக் கலந்திருந்தது. நிறத்தை அளக்கும் என் கருவி புற ஊதாக் கதிரும் சேர்ந்த விளக்கில் அதை அளந்தது. படம் தொங்கிய அறையிலோ புற ஊதா கிடையாது. ஒரே தாள் இரண்டு இடத்தில் இரண்டு வெள்ளையாக இருந்தது, நான் தவறான வெள்ளைக்கு ப்ரொஃபைல் போட்டிருந்தேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வாரமும் இரண்டு பாக்கெட் தாளும் போயின.

ஆறு கலர் இங்க்டேங்க் பிரிண்டர் வைத்துக்கொண்டு, கடையில் கிடைக்கும் 230, 260 ஜிஎஸ்எம் கிளாஸி அல்லது லஸ்டர் தாளுக்கு முதல்முறையாக ப்ரொஃபைல் போடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய பிக்மென்ட் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் வழி இதேதான்.

பிரைட்னர் என்ன செய்கிறது

துணி சோப்புத் தூளில் இருக்கும் அதே வகைப் பொருள்தான். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாகத் திருப்பித் தரும். ஏறக்குறைய 340 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ளதை வாங்கி, 440ஐ ஒட்டிய நீலத்தில் விடும். சொட்டு நீலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சொட்டு நீலம் சாயம், மஞ்சளை மறைக்கும், எந்த வெளிச்சத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யும். பிரைட்னருக்குப் புற ஊதா வேண்டும். அது இல்லாத இடத்தில் தாள் தன் இயல்பான, கொஞ்சம் வெதுவெதுப்பான வெள்ளைக்குத் திரும்பிவிடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இங்க் விழுந்த இடத்தில் புற ஊதா தாள்வரை சரியாகப் போகாது, கிளம்பும் நீல ஒளியிலும் ஒரு பகுதியை இங்க்கே விழுங்கும். ஆகவே வெற்றுத் தாளில் இந்த நீலம் முழுசாக இருக்கும், இங்க் ஏற ஏறக் குறையும். ப்ரொஃபைலைக் குழப்புவது இதுதான்.

1. தாளில் பிரைட்னர் இருக்கிறதா, எவ்வளவு என்று பாருங்கள்

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். நான் 650 ரூபாய்க்கு வாங்கினேன். 395 என்று போட்டிருப்பது இன்னும் மலிவு, ஆனால் அதிலிருந்து ஊதா வெளிச்சமே நிறைய வருவதால் எது தாள் ஒளிர்வது, எது டார்ச் வெளிச்சம் என்று பிரித்துப் பார்க்கக் கஷ்டம். டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள், பளபளப்பான தாளில் பட்டுத் திரும்புவதையும் நேராகப் பார்க்க வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க பிரைட்னர் இல்லாத ஒரு வெள்ளை வேண்டும். அதற்கு பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் போதும். ஒரு சிறிய அட்டையில் எட்டுப் பத்துச் சுற்று, பின்பக்கம் தெரியாத அளவுக்குச் சுற்றிக்கொள்ளுங்கள். இருட்டறையில் தாளையும் அதையும் பக்கத்தில் வைத்து டார்ச் அடியுங்கள். டேப் மங்கலாகக் கிடக்கும், பிரைட்னர் உள்ள தாள் நீலமாகப் பளீரென்று எரியும். டேப் கிடைக்காவிட்டால் ஏதாவதொரு ரூபாய் நோட்டை வைத்துப் பாருங்கள். நோட்டுத் தாளில் பிரைட்னர் கிடையாது. எண்ணும் சில இழைகளும் மட்டும் ஒளிரும், மற்ற இடம் மங்கலாக இருக்கும். கடையில் கள்ள நோட்டு பார்க்கும் விளக்கு வேலை செய்வதே இப்படித்தான்.

அச்சிடும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். சில தாளில் பின்பக்கம் மட்டும் எரியும், முன்பக்கம் அடங்கியிருக்கும். ரெசின் பூசிய தாள்களில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் எரியும்.

உறையில் 'ஹை ஒயிட்', 'அல்ட்ரா ஒயிட்', 'பிரைட் ஒயிட்' என்று எழுதியிருந்தால் பிரைட்னர் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'நேச்சுரல்' என்று போட்டிருந்தால் டார்ச் அடித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். பெரிய கம்பெனித் தாள்களிலும் இரண்டு வகையும் உண்டு. எப்சன் பிரீமியம் லஸ்டரில் பிரைட்னர் உண்டு. கேன்சன் பிளாட்டின் ஃபைபர் ரேக்கில் கிடையாது.

2. படம் எந்த வெளிச்சத்தில் தொங்கப்போகிறது என்று தீர்மானியுங்கள்

மொத்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கருவியைத் தொடுவதற்கு முன்னால், பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது இது.

வீட்டில், கடையில், அலுவலகத்தில் இன்று இருப்பது பெரும்பாலும் சாதாரண வெள்ளை எல்இடி. அதன் உள்ளே இருப்பது 450 நானோமீட்டரை ஒட்டிய நீலச் சில்லு, அதன்மேல் பாஸ்பர் பூச்சு. 400க்குக் கீழே அதிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றும் வராது. ஆகவே அங்கே பிரைட்னர் தூங்கும். பழைய குண்டு பல்பிலும் புற ஊதா மிகக் குறைவு.

ஜன்னல் வெளிச்சம் நேர்மாறானது. சாதாரண ஜன்னல் கண்ணாடி பிரைட்னருக்கு வேண்டிய புற ஊதாவைப் போதுமான அளவு உள்ளே விட்டுவிடும். 'கண்ணாடி வழியாகத்தானே வருகிறது' என்று நான் அலட்சியமாக இருந்தேன், அது தப்பு.

டி50 பார்வைப் பெட்டி, அதாவது பகல் வெளிச்சத்தை ஒத்த தர வெளிச்சத்தில் அச்சைப் பார்க்கும் பெட்டி, வைத்திருக்கிறீர்களா? ஐஎஸ்ஓ 3664 தரத்தின் 2009 பதிப்பு, அந்த வெளிச்சத்தில் புற ஊதாவும் உரிய அளவில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் டி50 என்று எழுதி விற்கும் எல்இடி விளக்குகள் பலவற்றில் அது இருக்காது. வெளிச்சத்தின் நிறம் சரியாக இருப்பது ஒன்று, அதில் புற ஊதா இருப்பது இன்னொன்று. பிரைட்னர் தாளையும் டெஃப்லான் டேப்பையும் பெட்டிக்குள் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாள் தெளிவாக நீலமாகத் தெரிந்தால் புற ஊதா இருக்கிறது.

ஃபிரேம் கண்ணாடியையும் கேளுங்கள். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலோ, அந்த வகை லேமினேஷன் செய்தாலோ, படத்தை மொட்டை மாடி வெயிலில் வைத்தாலும் பிரைட்னர் எரியாது.

வாடிக்கையாளரிடம் நான் இப்போது கேட்கும் கேள்விகள் மூன்று. எந்த அறை? என்ன விளக்கு? என்ன கண்ணாடி? ஆர்டர் புத்தகத்திலேயே எழுதிக்கொள்கிறேன்.

3. எந்தக் கருவி, என்ன செலவு

திரையை அளக்கும் கருவியால் தாளை அளக்க முடியாது. கணினித் திரைக்கு வாங்கிய கலரிமீட்டரை வைத்துக்கொண்டு மென்பொருளில் தாள் அளக்கும் பொத்தானைத் தேடி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். தாளுக்கு ஸ்பெக்ட்ரோ வேண்டும், அதாவது தானே விளக்கடித்து, திரும்பும் ஒளியை அலைநீளவாரியாக அளக்கும் கருவி.

அளக்கும் நிலைகளை ஐஎஸ்ஓ 13655 தரம் எம்0, எம்1, எம்2, எம்3 என்று பிரிக்கிறது. உங்களுக்கு வேண்டியவை முதல் மூன்று. எம்0 என்பது பழைய டங்ஸ்டன் விளக்குக் கருவிகளின் நிலை, அதில் புற ஊதா எவ்வளவு என்று வரையறை இல்லை. எம்1 என்பது டி50 வெளிச்சம், அதற்குரிய புற ஊதாவோடு. எம்2வில் புற ஊதா வெட்டப்பட்டிருக்கும்.

இனி எதை வாங்குவது என்று பார்ப்போம்.

குறைந்த செலவில் வாங்குவதென்றால் கேலிபிரைட் கலர்செக்கர் ஸ்டுடியோ. முன்னால் ஐ1ஸ்டுடியோ, அதற்கும் முன்னால் கலர்மங்கி போட்டோ என்று வந்த கருவியின் வழியில் வந்தது. இதற்குள் இருப்பது வெள்ளை எல்இடி, ஆகவே அது தரும் அளவு நடைமுறையில் எம்2 மாதிரிதான். எல்இடி வீட்டில் தொங்கும் படத்துக்கு இது நல்ல பொருத்தம். விலை குறைந்த கருவி என்பதற்காகத் தாழ்வாக நினைக்க வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்துக்கு ப்ரொஃபைல் போட மட்டும் இதனால் முடியாது.

ஐ1ப்ரோ 2 எம்0, எம்1, எம்2 மூன்றும் தரும், ஆனால் எம்1, எம்2 வேண்டுமென்றால் ஒவ்வொரு வரிசையையும் அளவுகோல் வைத்து இரண்டு தடவை ஓட்ட வேண்டும். 2019இல் வந்த ஐ1ப்ரோ 3 ஒரே ஓட்டத்தில் மூன்றையும் தந்துவிடும். புதிதாக வாங்கினால் லட்ச ரூபாயைத் தாண்டும். மாதம் ஒரு தாள் மாற்றுகிற ஸ்டுடியோவுக்கு நியாயம், வருடத்துக்கு இரண்டு ப்ரொஃபைல் போடுகிறவருக்குத் தேவையில்லை.

நான் வைத்திருப்பது முதல் தலைமுறை ஐ1ப்ரோ, பழையது, 28,000 ரூபாய். இதை வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, இது புற ஊதா வடிகட்டி உள்ளதாகவும் இல்லாததாகவும் இரண்டு வகையில் வந்தது. வெளியிலிருந்து வடிகட்டியை மாட்டவோ கழற்றவோ முடியாது. விற்பவருக்கே எது என்று தெரியாமல் இருக்கலாம், ஆகவே டார்ச்சில் பளீரென்று எரிந்த தாள் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அளந்து பாருங்கள். பி மதிப்பு (நீலம், மஞ்சளைக் காட்டும் எண்; மைனஸ் என்றால் நீலம்) மைனஸ் 6, 7 என்று வந்தால் வடிகட்டி இல்லை. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இருக்கிறது. இரண்டு, கருவியோடு வரும் வெள்ளை ஓடு அந்தக் கருவிக்கே உரியது. ஓட்டில் உள்ள எண்ணும் கருவியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு ஓடு மாட்டி விற்றால் எல்லா அளவும் கோணும். எண் பொருந்தாவிட்டால் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.

வடிகட்டி இல்லாததை வாங்குங்கள் என்பேன். புற ஊதாவோடு அளந்த விவரத்திலிருந்து புற ஊதா இல்லாத நிலையைக் கணக்கிட்டு வரவழைக்க மென்பொருள் இருக்கிறது. வடிகட்டி போட்டு அளந்துவிட்டால் போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கருவியே வேண்டாம், வெளியில் கொடுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்றால் தாராளமாகச் செய்யலாம். நான் முதலில் அப்படித்தான் செய்தேன், ப்ரொஃபைல் ஒன்றுக்கு 1,500 ரூபாய். ஆனால் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்: எந்த நிலையில் அளப்பீர்கள், எம்0வா எம்1ஆ எம்2வா? ப்ரொஃபைலோடு ஸ்பெக்ட்ரல் அளவுக் கோப்பையும் (அலைநீளவாரியாக அளந்த விவரம்) தருவீர்களா? முதல் கேள்விக்குப் பதில் தெரியாதவரிடம் பிரைட்னர் தாளைக் கொடுக்காதீர்கள். அளப்பதற்காக அச்சிட்ட நிறக் கட்டத் தாள்களான சார்ட்டுகளை நன்றாகக் காய்ந்தபின் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்துக் கூரியர் செய்யுங்கள், சுருட்ட வேண்டாம்.

4. பிரிண்டர் அமைப்பை ஒரு இடத்தில் நிறுத்துங்கள்

முதலில் நாசில் செக், அதாவது இங்க் துளை எதுவும் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அச்சு. ஒரு கோடு விட்டிருந்தாலும் சார்ட் அடிக்காதீர்கள். சுத்தம் செய்து, பத்து நிமிடம் விட்டு, மறுபடி பாருங்கள்.

வெளிக் கம்பெனித் தாளுக்கு டிரைவரில் எந்த மீடியா வகை என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கிளாஸியில் ஒன்று, லஸ்டரில் ஒன்று என்று இரண்டு மூன்று வகையில் ஒரே கறுப்புப் பட்டையை அடித்துப் பாருங்கள். இங்க் தேங்கி மினுமினுத்தால் அந்த வகை வேண்டாம். தேங்காமல் எது அதிகக் கறுப்பைத் தருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான ப்ரொஃபைல்கள் கெட்டுப்போவது அடுத்த இடத்தில். சார்ட்டை அடிக்கும்போது எந்த மென்பொருளும் நிறத்தைத் திருத்தக் கூடாது. எப்சன் டிரைவரில் கலர் கரெக்‌ஷனை 'கஸ்டம்' என்று வைத்து, உள்ளே 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் சார்ட்டை அடிக்க அடோபி கலர் பிரிண்டர் யுட்டிலிட்டி என்ற இலவச மென்பொருள் போதும், அது தானாக எதையும் மாற்றாது. சாதாரணப் படம் பார்க்கும் மென்பொருளிலிருந்து அடிக்காதீர்கள். அளவு 100 சதவீதம். 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், கட்டம் சுருங்கினால் கருவிக்கு வரிசை பிடிபடாது.

இருவழி வேக அச்சையும் நிறுத்துங்கள். தரத்தை நீங்கள் வழக்கமாகப் படம் அடிக்கும் தரத்திலேயே வைத்துவிட்டு, இந்த அமைப்பை டிரைவரில் ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள்.

5. சார்ட்டை அடித்துக் காயவிடுங்கள்

ஆர்கில் சிஎம்எஸ் என்பது கிரேம் கில் எழுதிய இலவச மென்பொருள் தொகுப்பு. கறுப்புத் திரையில் கட்டளை தட்டச்சு செய்ய வேண்டும், முதலில் பயமாக இருக்கும். கட்டளைகள் நான்குதான்: டார்ஜென் நிறங்களைத் தேர்ந்தெடுக்கும், பிரிண்ட்டார்க் சார்ட்டாக அடுக்கும், சார்ட்ரீட் அளக்கும், கோல்ப்ராஃப் ப்ரொஃபைல் கட்டும். ஐ1ப்ரோ வகைக்கு 800 முதல் 1,000 கட்டங்கள் போதும். கலர்செக்கர் ஸ்டுடியோவுக்குக் கட்டம் பெரிதாக இருக்க வேண்டும், ஆகவே அதே எண்ணிக்கைக்குத் தாள் கூடும். அங்கே 400, 500 கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிரைட்னர் தாளுக்கென்று ஒரு சேர்க்கை: சாம்பல் கட்டங்களைக் கூட்டுங்கள். நான் 64 தனிச் சாம்பல் படிகளும், வெற்றுத் தாள் கட்டம் எட்டும் சேர்க்கிறேன். நீலம் வேகமாகக் குறைவது வெற்றுத் தாளுக்கும் இளஞ்சாம்பலுக்கும் இடையில்தான். அந்த இடத்தில் அளவுகள் நெருக்கமாக இருந்தால்தான் மென்பொருள் அந்தச் சரிவைச் சரியாகப் பிடிக்கும்.

அடித்ததும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் தனித்தனியாகப் பரப்பி வையுங்கள். தொட்டால் ஒட்டாத நிலை சீக்கிரம் வந்துவிடும், ஆனால் நிறம் நிலைக்க ஒரு முழு நாள் விடுங்கள். மழைக்காலத்தில் நான் இரண்டு நாள் விடுகிறேன். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைக்கக் கூடாது. வெயில் பிரைட்னரையும் சாய இங்க்கையும் ஒருசேரக் கெடுக்கும்.

6. அளப்பது

சார்ட்டின் அடியில் அதே தாளின் வெற்றுப் பிரதிகள் நான்கு வையுங்கள். மேசையின் நிறம் ஊடுருவித் தெரியாது. கருவியை ஓட்டில் வைத்துச் சரிபார்த்த பிறகு, ஒரு வெற்றுத் தாளை ஐந்து தடவை அளந்து எண்கள் ஒட்டி வருகின்றனவா என்று பாருங்கள். நடுவில் இடைவெளி விட்டால் மறுபடி ஓட்டில் வையுங்கள்.

விண்டோஸில் ஒரு வலை. ஆர்கில் ஓட அதற்குரிய யுஎஸ்பி டிரைவரை நிறுவ வேண்டும். நிறுவியபின் கருவிக் கம்பெனியின் மென்பொருளுக்குக் கருவி தெரியாமல் போகும். கருவி செத்துவிட்டது என்று பதறாதீர்கள். டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்கு மாற்றினால் திரும்பி வரும்.

ஸ்பெக்ட்ரல் விவரத்தைச் சேமியுங்கள். வெறும் எல், ஏ, பி என்ற நிற எண்களை மட்டும் சேமித்தால் பின்னால் வேறு வெளிச்சத்துக்கு மாற்றிக் கணக்கிட வழியில்லை, சார்ட்டை மறுபடி அளக்க வேண்டியதுதான்.

மூன்று நிலைகளிலும் அளக்கும் கருவி இருந்தால் முதலில் வெற்றுத் தாளின் பி மதிப்பை எம்1இலும் எம்2விலும் எழுதிப் பாருங்கள். என் லஸ்டர் தாளில் எம்1 மைனஸ் 9, எம்2 மைனஸ் 1. எட்டுப் புள்ளி வித்தியாசம். வித்தியாசம் ஒன்றுக்குள் இருந்தால் இந்தக் கட்டுரையின் கவலை எதுவும் உங்களுக்கு வேண்டாம், எந்த நிலையில் வேண்டுமானாலும் அளக்கலாம். இரண்டைத் தாண்டினால் அடுத்த படியைக் கவனமாகச் செய்யுங்கள்.

7. வெளிச்சத்துக்கு ஏற்ற ப்ரொஃபைல் கட்டுங்கள்

எல்இடி அறைக்கு எம்2. புற ஊதா தடுக்கும் கண்ணாடிக்குப் பின்னால் போகும் படத்துக்கும் எம்2.

ஜன்னல் வெளிச்சம் நிறைய வரும் கூடம், தரத்துக்குட்பட்ட டி50 பெட்டி: எம்1.

எம்0வை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அதில் உள்ள புற ஊதா உங்கள் எந்த அறையோடும் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. என் 12 படங்கள் கெட்டது இதனால்தான். ஆனால் வடிகட்டி இல்லாத கருவியில் எடுத்த அளவை ஆர்கிலிடம் கொடுத்தால், கோல்ப்ராஃப் கட்டளையில் பிரைட்னர் ஈடுகட்டும் தேர்வு இருக்கிறது. எம்1, எம்2, டி50 என்று எந்த நிலைக்கு வேண்டுமோ அதைக் குறிப்பிட்டால் அதற்கேற்ப அளவைத் திருத்தி ப்ரொஃபைல் கட்டும். அதாவது ஒரே சார்ட், ஒரே அளவு, இரண்டு ப்ரொஃபைல். என் தாள் ஒவ்வொன்றுக்கும் இப்போது 'பகல்', 'எல்இடி' என்று இரண்டு கோப்பு வைத்திருக்கிறேன்.

கலப்பு வெளிச்ச அறை என்றால் ஆர்கிலில் இலும்ரீட் என்று ஒரு கருவி உண்டு. ஸ்பெக்ட்ரோவை அந்த அறைக்கே எடுத்துப்போய், வெளிச்சத்தை அளந்து, அந்த வெளிச்சத்தில் பிரைட்னர் தாள் ஒன்று எப்படித் தெரிகிறது என்று அளந்து, அதிலிருந்து புற ஊதா எவ்வளவு என்று அதுவே கணக்கிடும். அந்தக் கோப்பைக் கோல்ப்ராஃபிடம் கொடுத்தால் அந்த அறைக்கென்றே ஒரு ப்ரொஃபைல். கேலரிக்கு, கோயில் மண்டபத்துக்கு, பெரிய ஆர்டருக்குச் செய்யலாம். ஒற்றைப் படத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

ஐ1ப்ரொஃபைலர் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே பிரைட்னர் திருத்தம் உண்டு. முதல் சார்ட்டை அளந்தபின் இன்னொரு சாம்பல் சார்ட்டை அடிக்கச் சொல்லும். அதைப் படம் தொங்கப்போகும் வெளிச்சத்தில் வைத்துக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டுடியோ மேசையில் வைத்துத் தேர்ந்தெடுத்தால் செய்ததற்கே அர்த்தமில்லை.

8. அச்சிட்டுப் பாருங்கள், இரண்டு இடத்தில்

வெள்ளையிலிருந்து கறுப்புவரை போகும் சாம்பல் பட்டை, ஒரு வெள்ளை வேட்டிப் படம், ஒரு மாநிறத் தோல். இவை மூன்றும் ஒரே ஏ4 தாளில், சுற்றிலும் வெற்றுத் தாள் தெரியும்படி அடியுங்கள். அச்சு அமைப்பில் ரெலட்டிவ் கலரிமெட்ரிக் (தாளின் வெள்ளையையே வெள்ளையாக எடுத்துக்கொள்ளும் முறை), பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷன் (படத்தின் கறுப்பை அச்சின் கறுப்போடு பொருத்துவது) போட்டு அடியுங்கள். தோலில் பெரிய வித்தியாசம் தெரியாது, இங்க் நிறைய இருப்பதால் பிரைட்னர் அங்கே அடங்கிவிடும். இளஞ்சாம்பலிலும் வேட்டி மடிப்பிலும்தான் குட்டு வெளிப்படும்.

படித்தறிவது இப்படி. புற ஊதாவோடு அளந்த ப்ரொஃபைல் 'தாள் நீலம், ஆகவே சாம்பலும் அதே அளவுக்கு நீலமாக இருக்க வேண்டும்' என்று கணக்கிடும். சாம்பலில் இங்க் பிரைட்னரை மறைத்துவிடுவதால், அந்த நீலத்தை இங்க்கால் கொடுக்கும். எல்இடியில் தாள் நீலத்தை இழந்துவிடும், இங்க்கால் கொடுத்த நீலம் அப்படியே நிற்கும். நரைமுடி நீலம் அடித்த கதை இதுதான். எம்2 ப்ரொஃபைலை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் நேர்மாறாக, பளிச்சென்ற வெள்ளைக்குப் பக்கத்தில் சாம்பல் லேசாக மஞ்சள் அடிக்கும். ஆகவே ஜன்னல் பக்கத்தில் நீலம் இல்லை, எல்இடியில் நீலம் என்றால் ப்ரொஃபைலில் புற ஊதா அதிகம். எல்இடியில் சுத்தம், ஜன்னலில் மஞ்சள் என்றால் எம்2 தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே நிறம் அடித்தால் பிரைட்னரைக் குற்றம் சொல்லாதீர்கள். நான்காவது படிக்குத் திரும்பிப் போங்கள், எங்கோ நிறத் திருத்தம் இரண்டு முறை நடந்திருக்கும்.

ஆப்சலூட் கலரிமெட்ரிக்கில் (தாளின் நிறத்தையும் சேர்த்து அப்படியே காட்டும் முறை) வேறு ஒரு நிறத்தாளை நகலெடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புற ஊதாவோடு அளந்த ப்ரொஃபைல் தாளின் நீலத்தைக் கொல்ல வெள்ளைப் பகுதியிலேயே மஞ்சள் இங்க் தெளிக்கும். எல்இடியில் அது பழுத்த காகிதம்போல் தெரியும்.

போட்டோஷாப்பில் சாஃப்ட் ப்ரூஃப் (அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டுவது) பார்க்கும்போது 'சிமுலேட் பேப்பர் கலர்' போட்டால், எம்1 ப்ரொஃபைலில் திரை முழுக்க நீலமாகும். படத்தை மஞ்சளாகத் திருத்தி அதைச் சரிக்கட்ட முயலாதீர்கள்.

9. எழுதி வையுங்கள்

ப்ரொஃபைல் கோப்பின் பெயரிலேயே பிரிண்டர், தாள், மீடியா வகை, அளந்த நிலை, மாதம், வருடம் எல்லாம் வரட்டும். ஒரு நோட்டில் தாளின் பேட்ச் எண், தரம், இங்க் வகை, எத்தனை மணி நேரம் காயவிட்டது, வெற்றுத் தாளின் எம்1, எம்2 எண்கள் எல்லாம் எழுதுங்கள். அச்சிட்ட சோதனைத் தாளின் பின்பக்கத்திலும் தேதி போட்டு, ஒரு பிரதியை இருட்டான உறையில் வையுங்கள்.

நேரக் கணக்கு: தாள் சோதனையும் அமைப்பும் ஒரு மாலை. சார்ட் அடிக்க அரை மணி. காய ஒரு நாள். அளக்க, பழகிய கைக்கு 20 நிமிடம், முதல்முறை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கோல்ப்ராஃப் உயர் தரத்தில் ஓட, கணினியைப் பொறுத்து சில நிமிடத்திலிருந்து அரை மணி. சோதனை அச்சும் அது காய்வதும் இன்னொரு நாள். சனிக்கிழமை மாலை தொடங்கினால் செவ்வாய்க்கிழமை கையில் நம்பகமான ப்ரொஃபைல் இருக்கும். தாள் செலவு எனக்கு ஒரு ப்ரொஃபைலுக்கு எட்டு முதல் பத்து ஏ4.

10. எப்போது மறுபடி போடுவது

மலிவுத் தாள்களில் பேட்ச் மாறும்போது பிரைட்னர் அளவும் மாறலாம். புது பாக்கெட் வந்ததும் முதல் தாளை டார்ச்சில் பழைய தாளோடு வைத்துப் பாருங்கள், ஸ்பெக்ட்ரோ இருந்தால் வெற்றுத் தாளை மட்டும் அளந்து நோட்டோடு ஒப்பிடுங்கள். பி மதிப்பு இரண்டு புள்ளிக்கு மேல் நகர்ந்திருந்தால் மறுபடி போடுகிறேன்.

தொங்கும் படத்தின் பிரைட்னரும் வெளிச்சம் பட்டுப் பட்டு வருடங்களில் மங்கும், தாளின் வெள்ளை மெல்ல மஞ்சள் பக்கம் போகும். எந்த ப்ரொஃபைலாலும் இதைத் தடுக்க முடியாது. பரம்பரையாக வைத்திருக்கும் படம், கல்யாண ஆல்பத்தின் பெரிய ஃபிரேம் என்று யாராவது கேட்டால் நான் பிரைட்னர் இல்லாத தாளைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். விலையையும் காரணத்தையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிரைட்னர் தாள்தான் பளிச்சென்று தெரியும், அந்த நேரத்தில் வாடிக்கையாளர் கை அதை நோக்கித்தான் போகும். ஆகவே ஜன்னல் திரையைப் போட்டுவிட்டு எல்இடியில் காட்டுங்கள், அவர் வீட்டில் தெரியப்போகும் வெள்ளையைப் பார்த்து அவரே தேர்ந்தெடுக்கட்டும்.